ஸ்கூபாவைக் கண்டுபிடித்தது யார்? கேள்வியே தப்பு!

வினாடி வினாவுக்குத் தயார் செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "ஸ்கூபா டைவிங்கைக் கண்டுபிடித்தவர் யார்?" என்றால் யோசிக்காமல் "ஜாக் கூஸ்தோ, 1943" என்று பதில் வரும். ஒரு மார்க் கிடைக்கும். அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய கதையே ஒளிந்திருக்கிறது. அதாவது, ஒரு மேதை இருந்தாராம். ஒரு கருவி செய்தாராம். அதைப் பார்த்த உலகம் தடாலென்று கடலில் குதித்ததாம். சினிமாவுக்கு நல்ல கதைதான். ஆனால் நடந்தது இந்த வரிசையில் நடக்கவில்லை. கருவி வருவதற்கு முன்பே ஆட்கள் தண்ணீருக்குள் இருந்தார்கள். கருவி வந்த பிறகும் பொதுமக்கள் பயமில்லாமல் இறங்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெயர் எந்த வினாடி வினாவிலும் வருவதில்லை.

வரிசை மாறினால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட நஷ்டம். கடைசியில் அதற்கு வருவோம்.

கருவிக்கு முன்னாடி ஆட்கள்

1930களின் பிரான்ஸ். மத்தியதரைக் கடலோரம், ரிவியேரா. அங்கே கை கில்பாட்ரிக் என்று ஒரு அமெரிக்கர் இருந்தார். முன்னாள் விமானி, பத்திரிகைகளுக்குக் கதை எழுதுபவர். இவர் செய்த காரியம் ரொம்பச் சாதாரணமானது. பழைய விமானிக் கண்ணாடியின் ஓட்டைகளைப் புட்டியும் பெயின்ட்டும் வைத்து அடைத்தார், மாட்டிக்கொண்டு கடலில் முகத்தைக் கவிழ்த்தார். கீழே மீன் தெரிந்தது. ஈட்டியோடு துரத்த ஆரம்பித்தார். 1938ல் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

அதே நாட்டில் லூயி த கோர்லியு என்ற கடற்படை அதிகாரி காலில் மாட்டும் ரப்பர் துடுப்புக்கு 1933ல் காப்புரிமை வாங்கினார். ஓவன் சர்ச்சில் என்ற அமெரிக்கர் அதற்கு உரிமம் பெற்று 1940ல் தன் நாட்டில் விற்க ஆரம்பித்தார். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குத் துடுப்பு. இவ்வளவுதான் முதலீடு. மூச்சு? அது சொந்த மூச்சு.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 1933ல் ஒரு சின்னக் கூட்டம் சங்கம் ஆரம்பித்தது. பெயர் 'பாட்டம் ஸ்கிராட்சர்ஸ்'. கடலடியைச் சுரண்டுகிறவர்கள் என்று அர்த்தம். உறுப்பினராகச் சந்தா கட்டினால் போதாது. மூச்சடக்கி இறங்கி, பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அபலோன் சிப்பியைப் பெயர்த்து வரவேண்டும். ஒரு சின்னச் சுறாவை வெறுங்கையால் பிடித்து வரவேண்டும். நம்மூர் சங்கங்களில் இந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று தெரியாது :-)

வியன்னாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஹாஸ் 1937ல் ரிவியேராவுக்கு வந்த மாணவர். கில்பாட்ரிக் மீன் வேட்டையாடுவதைப் பார்த்தார். அவ்வளவுதான், படிப்பின் திசையே மாறிவிட்டது. இரண்டே வருடத்தில், 1939ல், இரண்டு நண்பர்களோடு கரீபியன் கடலுக்குப் போய் தண்ணீருக்கடியில் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

சரி, கூஸ்தோ எப்படி உள்ளே வந்தார்? அவர் விமானி ஆக ஆசைப்பட்ட கடற்படை அதிகாரி. 1936ல் ஒரு கார் விபத்து அந்தக் கனவை முடித்து வைத்தது. உடைந்த கைகள் தேற நீந்தச் சொன்னார்கள். துலோன் நகரத்தில் அவரோடு வேலை பார்த்த ஃபிலிப் தாயியே அவரிடம் ஒரு நீச்சல் கண்ணாடியைக் கொடுத்தார். கூஸ்தோவைக் கடலுக்குள் இழுத்தது அந்தக் கண்ணாடிதான். பிறகு உள்ளூர் ஈட்டி வேட்டைக்காரரான ஃபிரெடெரிக் தூமாவும் சேர்ந்துகொண்டார். 1942ல் மூவரும் ஒரு கடலடிப் படம் எடுத்தார்கள். பெயர் 'பதினெட்டு மீட்டர் ஆழத்தில்'. அந்தப் படம் முழுக்க மூச்சடக்கி எடுத்தது. அக்வாலங் அப்போது பிறக்கவே இல்லை!

ஆக, "கண்டுபிடித்தவர்" என்று சொல்லப்படுகிறவரே கருவியால் கடலுக்கு வந்தவர் கிடையாது. கடலுக்கு வந்துவிட்டு, மூச்சு போதாமல் கருவியைத் தேடியவர். காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், டிமாண்ட் முதலில் வந்தது. சப்ளை பின்னால் ஓடிவந்தது.

கருவியும் புதுசு இல்லை

"இருக்கட்டும், கருவியாவது கூஸ்தோ கண்டுபிடித்ததுதானே?" அதுவும் பாதிதான் சரி.

பென்வா ரூக்கெரோல் என்ற பிரெஞ்சு சுரங்க எஞ்சினியர், விஷவாயு பரவிய சுரங்கத்தில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற ஒரு மூச்சுக் கருவி செய்தார். காப்புரிமை ஆண்டு 1860. கூஸ்தோ பிறக்க இன்னும் ஐம்பது வருடம் பாக்கி. மூச்சு இழுத்தால் மட்டும் காற்று தரும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். இன்றைய ரெகுலேட்டரின் அடிப்படை யோசனையே அதுதான். ஒகுஸ்த் தெனெய்ரூஸ் என்ற கடற்படை அதிகாரியோடு சேர்ந்து 1860களின் நடுவிலேயே அதைக் கடலுக்குள் கொண்டுபோனார்கள். ஜூல்ஸ் வெர்ன் தன் நீர்மூழ்கி நாவலில் நெமோவின் ஆட்களுக்கு மாட்டிவிட்டது இவர்கள் பெயரைச் சொல்லித்தான்.

அதன் பிறகு இவ் லெ ப்ரியர் வந்தார். 1926லும் 1933லும் காற்று சிலிண்டரோடு கருவி செய்தார். திரைப்படக்காரர் ழான் பான்லெவேயோடு சேர்ந்து 1935ல் ஒரு டைவிங் கிளப்பே நடத்தினார். ஜார்ஜ் கொமேன் என்பவரும் சொந்தமாக ஒரு கருவி செய்து 1943 ஜூலையில் மார்சேய் கடலில் 53 மீட்டர் இறங்கிக் காட்டினார். மறு வருடமே ஸ்ட்ராஸ்பூர்க் போர்முனையில் இறந்துபோனார். அவரும் இறந்தார், அவர் கருவியின் கதையும் முடிந்தது.

அக்வாலங்கின் வால்வைச் செய்தவர் எமில் கான்யான். ஏர் லிக்விட் கம்பெனியின் எஞ்சினியர். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் பெட்ரோல் கிடைக்காத நேரம். கார்களை வாயுவில் ஓட்டுவதற்காக அவர் ஒரு வால்வைத் தயார் செய்துகொண்டிருந்தார். கூஸ்தோவின் மாமனார் அதே கம்பெனியில் பெரிய பதவியில் இருந்ததால் 1942 டிசம்பரில் இருவரும் சந்தித்தார்கள். 1943 தொடக்கத்தில் பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் முதல் சோதனை. கிடைமட்டமாக நீந்தினால் சரியாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் காற்றே வரவில்லை. கோளாறைச் சரி செய்து, அந்தக் கோடையில் மத்தியதரைக் கடலில் நூற்றுக்கணக்கான தடவை முங்கினார்கள்.

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். 1860களிலேயே கிட்டத்தட்ட அதே யோசனையில் கருவி இருந்ததே, அப்போது ஏன் யாரும் பொழுதுபோக்காகக் கடலில் குதிக்கவில்லை? ஒரு காரணம் தொழில்நுட்பம். அந்தக் காலத் தொட்டி அதிக அழுத்தத்தைத் தாங்காது, காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும், மேலிருந்து குழாய் வேண்டும். இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. 1865ல் கடலடிக்குப் போனவன் கூலிக்காரன். ஈயம் பதித்த பூட்ஸ் போட்டுத் தரையில் நடந்து வேலை பார்த்தான். கண்ணாடியும் துடுப்பும் மாட்டி, மீன் போல மிதந்து, சும்மா பார்ப்பதற்காக உள்ளே போகிற மனிதர் அப்போது இல்லை. 1943ல் இருந்தார்கள். பத்து வருடமாக மூச்சடக்கிப் பழகி, "இன்னும் ஒரு நிமிஷம் கீழே இருக்க முடிந்தால்..." என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். கருவி அந்த ஏக்கத்தின் மேல் வந்து விழுந்தது. அதனால்தான் பற்றிக்கொண்டது.

விற்க வந்தவருக்கே நம்பிக்கை இல்லை

போர் முடிந்ததும் 1946ல் ஏர் லிக்விட் இதற்காகவே ஒரு துணைக் கம்பெனி ஆரம்பித்தது. லாஸ் ஏஞ்சலஸில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த ரெனே புஸ்ஸோ என்ற பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவில் விற்கும் உரிமையைப் பெற்றார். டைவர்கள் மத்தியில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற ஒரு கதை உண்டு. அவர் முதலில் பத்துப் பதினைந்து அக்வாலங் வாங்கி விற்றுவிட்டு, "போதும், இனி அமெரிக்காவில் வாங்க ஆளில்லை" என்று பதில் போட்டாராம். கதை உண்மையோ பொய்யோ, அப்போதைய நிலவரத்தைச் சரியாகத்தான் சொல்கிறது. யாருக்கு விற்பது என்று விற்றவருக்கே தெரியாத சரக்கு அது.

வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே மூச்சடக்கி முங்கிக்கொண்டிருந்த அதே ஈட்டிக்காரர்கள். கூடவே கடல் ஆராய்ச்சியாளர்கள். கலிஃபோர்னியாவின் பசிபிக் தண்ணீர் எலும்பு வரை குளிரும். 1952 வாக்கில் பெர்க்லியின் இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் நியோப்ரீன் ரப்பரில் உடை செய்து பார்த்தார். அது மட்டும் வராமல் போயிருந்தால் கூஸ்தோவின் கருவி குளிர்க் கடல்களில் பாதி ரப்பர் பெட்டியிலேயே தூங்கியிருக்கும்.

விளம்பரத்தின் பங்கைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கூஸ்தோவும் தூமாவும் எழுதிய 'அமைதியான உலகம்' புத்தகம் 1953ல் வந்தது. அதே பெயரில் வந்த படம் 1956ல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வாங்கியது, பிறகு ஆஸ்கரும் வாங்கியது. பல்லாயிரம் பேருக்குக் கடலாசை வந்தது அதனால்தான். இதில் கூஸ்தோவுக்கு உரிய மரியாதை உண்டு. (அதே படத்தில் சுறாக்களை அடித்துக் கொல்வதும், பவளப்பாறைக்கு டைனமைட் வைத்து மீன் கணக்கெடுப்பதும் வரும். கடலின் காவலர் என்ற பட்டம் பிற்காலத்தில் வந்தது.)

அமெரிக்க வீடுகளுக்குள் டைவிங்கைக் கொண்டுபோனது 'சீ ஹன்ட்' என்ற டிவி தொடர். லாயிட் பிரிட்ஜஸ் நடித்தது. 1958 முதல் 1961 வரை 155 பாகங்கள். பெரிய சேனல்கள் "தண்ணிக்குள்ள எத்தனை வாரம்தான் கதை ஓட்டுவீங்க?" என்கிற மாதிரி ஒதுக்கிவிட்டன. தயாரிப்பாளர்கள் ஊர் ஊராக உள்ளூர் நிலையங்களுக்கு விற்றார்கள். சக்கைப்போடு போட்டது. விற்பவர்கள் கணக்கு மறுபடியும் தப்பு, மக்கள் கணக்கு மறுபடியும் சரி.

மூச்சை அடக்கு... அடக்காதே!

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

மூச்சடக்கி முங்குபவர் மேலே நிரப்பிய காற்றோடு போகிறார். கீழே அது அமுங்குகிறது, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது. நுரையீரலுக்கு அந்த வகையில் ஆபத்தில்லை. ஸ்கூபா அப்படியில்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். காற்று ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போகும். நீச்சல்குள ஆழமே இதற்குப் போதும்.

முதல் வாடிக்கையாளர்கள் யார் என்று மேலே பார்த்தோம். மூச்சடக்குவதில் கில்லாடிகள்! பத்து வருடமாக அவர்களைக் காப்பாற்றிய பழக்கம் எதுவோ, அதே பழக்கம்தான் இந்தப் புதுச் சாமானோடு அவர்களைக் கொல்லக்கூடியது. கடையில் பணம் கொடுத்தால் அக்வாலங் கிடைக்கும். இதைச் சொல்லித்தர ஆள் கிடைக்காது. "மூச்சை அடக்காதே" என்ற ஒரு வாக்கியம் கருவியோடு சேர்ந்து வரவில்லை.

கூஸ்தோவின் கூட்டமே அடி வாங்கித்தான் கற்றது. 1946ல் வோக்ளூஸ் நீரூற்றின் குகைக்குள் இறங்கியபோது கம்ப்ரசரின் புகை சிலிண்டரில் கலந்திருந்ததால் கூஸ்தோவும் தூமாவும் சாவின் விளிம்பு வரை போய்வந்தார்கள். 1947ல் மோரிஸ் ஃபார்க் சுமார் 120 மீட்டர் ஆழத்தில் பலகையில் கையெழுத்துப் போட்டார். உயிரோடு மேலே வரவில்லை. அவர் அனுபவமில்லாத ஆள் கிடையாது, கடற்படையின் டைவர்.

பொதுமக்களுக்கு இதை யார் சொல்லித்தந்தது? கம்பெனியா? மேதையா?

கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் கான்ராட் லிம்போ என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். விஞ்ஞானிகள் சாகாமல் டைவ் செய்ய ஒரு பயிற்சி முறையை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கினார். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் பூங்கா, பொழுதுபோக்குத் துறையில் வேலை பார்த்த ஆல் டில்மேனும், கடற்கரை உயிர்காப்பாளர் பெவ் மார்கனும் 1954ல் அவரிடம் போய்க் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஊர் மக்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். பாடப்புத்தகம் எழுதினார்கள். அமெரிக்காவில் பொதுமக்களுக்கான முதல் டைவிங் சான்றிதழைக் கொடுத்தது ஒரு கவுண்டி நிர்வாகத்தின் பூங்காத் துறை! நம்மூரில் மாநகராட்சிப் பூங்கா ஆபீஸ் மாதிரி. அங்கே 1955ல் தேறிய டாட்டி ஃப்ரேசியர் அமெரிக்காவின் முதல் பெண் ஸ்கூபா பயிற்றுநர் ஆனார்.

பிரிட்டனில் ஆஸ்கர் குகனும் பீட்டர் ஸ்மாலும் 1953ல் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். உறுப்பினரே உறுப்பினருக்குச் சம்பளமில்லாமல் சொல்லித்தருகிற முறை. அமெரிக்க ஒய்எம்சிஏ 1959ல் நாடு தழுவிய பாடத்திட்டம் கொண்டுவந்தது. 1960ல் டில்மேன் முன்னின்று 'நவ்யி' அமைப்பைத் தொடங்கினார்.

இவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். லிம்போ 1960ல் மார்சேய் அருகே ஒரு கடலடிக் குகையில் வழி தவறி இறந்தார். பீட்டர் ஸ்மால் 1962ல் கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவருகே 1000 அடி ஆழச் சோதனையில் இறந்தார். ஊருக்கே பாதுகாப்பைச் சொல்லித்தந்தவர்கள் கடலிலேயே போனார்கள்.

வியாபாரம் இல்லாமல் எது நடந்தது?

எதிர்வாதம் ஒன்று வரும். "கவுண்டி வகுப்பில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? உலகம் முழுக்க டைவிங் பரவியது பாடி வந்த பிறகுதானே?"

நியாயமான வாதம். பாடி 1966ல் இல்லினாயில் ஆரம்பமானது. ஜான் க்ரோனின் டைவிங் சாமான் விற்கும் சேல்ஸ்மேன், ரால்ஃப் எரிக்சன் நீச்சல் ஆசிரியர். ஒரு பாட்டில் ஜானி வாக்கரும் 30 டாலரும் வைத்துத் தொடங்கியதாக அவர்களே சொல்வார்கள். பழைய வகுப்புகள் ராணுவப் பயிற்சி மாதிரி இருந்தன. உடம்பு இரும்பாக இல்லாதவர், நடுத்தர வயதுக்காரர் எல்லாம் தூர நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, சாதாரண ஆளும் கற்கலாம் என்று ஆக்கியது பாடியின் சாதனை. அதை மறுப்பவர் காமர்ஸ் வகுப்பில் உட்கார லாயக்கில்லை.

ஆனால் பாடி எதைப் பிரித்தது? யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த பாடத்தை. வியாபாரம் அதைப் பரப்பியது. பாடத்தின் முதல் எழுத்து பூங்காத் துறையிலும் ஆய்வு நிலையத்திலும் கிளப்பிலும் எழுதப்பட்டது. பரப்பியவருக்கு ஒரு பங்கு கொடுங்கள், மொத்தப் பங்கையும் கொடுக்காதீர்கள்.

"எங்க ஊர்லதான் முதல்ல" கோஷ்டிக்கு

இதைப் படித்ததும் ஒரு கோஷ்டி கிளம்பும். "கொற்கையில் அப்பவே முத்துக்குளிச்சான் தமிழன், அவன்தான் முதல் ஸ்கூபா" என்று மார்தட்டும். வேண்டாம். மன்னார் வளைகுடாவில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிய முத்துக்குளிப்பாளரின் திறமை சாதாரணமில்லை. ஆனால் அவர் போனது கூலிக்கு. அந்த முத்து ராஜாவுக்கும் வெள்ளைக்கார அரசுக்கும் வியாபாரிக்கும் போனது. அவரைப் பொழுதுபோக்கு டைவராக்குவது அவர் பட்ட கஷ்டத்துக்கே அவமரியாதை.

உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் 1956ல் இலங்கைக்குக் குடிவந்ததற்குப் பெரிய காரணமே டைவிங்தான். விண்வெளியின் எடையின்மையைக் கடலுக்குள் உணரலாம் என்பது அவர் எண்ணம். அவரும் மைக் வில்சனும் அதே 1956ல் திருகோணமலைக் கடலில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைத் தண்ணீருக்கடியில் பார்த்தார்கள். போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய தூண்களைப் பார்க்க 300 வருடத்துக்கு மேல் கழித்து அக்வாலங் தேவைப்பட்டது. பெருமைப்படுவதானால் இதற்குப் படலாம்.

அதனால் என்ன?

இப்போது முதலில் சொன்ன நஷ்டத்துக்கு வருவோம்.

இன்று அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ போகிற கல்லூரிப் பசங்களுக்கு ஸ்கூபா என்றால் ஒரு பேக்கேஜ். பணம் கட்டு, ஃபார்மில் கையெழுத்துப் போடு, பயிற்றுநர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்வார், மீனோடு ஒரு போட்டோ. அதில் தப்பே இல்லை. ஆனால் "மேதை கண்டுபிடித்தார், கருவி பார்த்துக்கொள்ளும்" என்ற கதையை நம்பி வளர்ந்தவர், கரையில் பயிற்றுநர் பேசும் பத்து நிமிடத்தில் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கருவிதான் ஸ்கூபா என்று நினைப்பவருக்குப் பாடம் ஒரு சடங்கு.

வரலாறு நேர்மாறாகச் சொல்கிறது. 1943லேயே கருவி தயார். அது தனியாக யாரையும் காப்பாற்றவில்லை, தெரிந்தவர்களையே கொன்றது. சாதாரண மனிதர் கடலுக்குள் போய் உயிரோடு திரும்பி வர முடிந்தது, அந்தப் பாடம் எழுதப்பட்ட பிறகுதான்.

அதனால் அடுத்த தடவை வினாடி வினாவில் அந்தக் கேள்வி வந்தால் "கூஸ்தோ" என்றே சொல்லுங்கள், மார்க் போய்விடக்கூடாது. ஆனால் கடற்கரையில் நின்றுகொண்டு ஒரு பயிற்றுநர், "என்ன ஆனாலும் மூச்சை அடக்காதீங்க" என்று சொல்லும்போது மட்டும் தலையை நிமிர்த்திக் கேளுங்கள். அந்த ஒரு வரிதான் ஸ்கூபா. முதுகில் இருப்பது இரும்புக் குடுவை.